என் கையில் வேலை செய்த ரிமோட்

எனக்கு வாய் நீளம். திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் என் வீட்டுக்காரர் வாய்க்கு முன்னால் என் வாயெல்லாம் ஒன்றுமே இல்லை. தோல் மண்டியில் முப்பது வருஷம் நின்று பேரம் பேசிய தொண்டை அது. தெருமுனையில் யாரிடமாவது நின்று பேசினால் அடுப்படியில் இருக்கிற எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்கும். "உங்க ரகசியம் வத்தலக்குண்டு வரைக்கும் கேட்டுருச்சு, உள்ள வாங்க" என்று நான் இங்கிருந்து கத்துவேன். நாங்கள் போட்ட சண்டைக்குக் கணக்கே கிடையாது. ஆனால் பேசாமல் இருந்த நாள் என்று ஒன்று கூட இல்லை.

அந்தத் தொண்டை போன வருஷம் ஒரு காலையில் நின்றுபோனது. பல் விளக்கிக்கொண்டிருந்தவர் வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்தார். மதுரைக்குக் கொண்டுபோய்ப் பதினைந்து நாள் வைத்திருந்து உயிரோடு கூட்டி வந்தோம், அல்ஹம்துலில்லாஹ். வலது கையும் காலும் விளங்கவில்லை. பேச்சு சுத்தமாக இல்லை. நாம் சொல்வது அத்தனையும் அவருக்குப் புரிகிறது, பதில்தான் வெளியே வரவில்லை. இடது கையில் பேனாவைக் கொடுத்தால் கோடு கோடாக இழுத்துவிட்டு நிறுத்திவிடுவார். எழுத்தும் பேச்சோடு சேர்ந்து போய்விட்டது என்றார்கள். ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் தலை ஒரே மாதிரிதான் ஆடியது.

கட்டிலைத் தூக்கி ஹாலில் டிவிக்கு எதிரே போட்டோம். பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு பெண் வாரத்துக்கு இரண்டு நாள் பஸ் ஏறி வந்தது. சின்ன வயசு, பொறுமைசாலி. "மூளை புதுசா வழி தேடுற காலம் இதுதானுங்கம்மா. முதல் சில மாசம் விடாமப் பழக்கிட்டோம்னா அப்பாவுக்குப் பேச்சு வந்துருமுங்க. தள்ளிப் போட்டாத்தான் கஷ்டம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டது. நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். சில மாதம் என்றால் எத்தனை என்று கேட்கப் பயந்து கேட்கவில்லை.

படம் போட்ட அட்டைகளைக் காட்டித்தான் ஆரம்பித்தது. மாட்டுத் தோலைத் தொட்டுப் பார்த்தே எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்கிற மனுஷனிடம் ஒரு மாட்டுப் படத்தைக் காட்டி, "இது என்னதுங்கப்பா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? அட்டையைத் தட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்தப் பெண் அட்டைகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டே என்னிடம் கேட்டது. "அப்பா பேசின ரெக்கார்டிங் ஏதாச்சும் இருக்குங்களா? அவரு குரலை அவரே கேட்டா, கூடவே வாயசைச்சு வரப் பார்க்குமுங்க. சில பேருக்கு அட்டைய விட அது நல்லா வேலை செய்யுமுங்க."

"எங்கம்மா இருக்கு?" என்றேன் நான். "மனுஷன் வாட்ஸப்ல வாய்ஸ் கூட அனுப்ப மாட்டாரு. மக கல்யாண சிடி ஒண்ணு இருந்துச்சு, அதுவும் கீறிப் போச்சு." இதை அவர் தலைமாட்டில் நின்றுகொண்டுதான் சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம்தான் முதல் தடவையாக ரிமோட்டைக் கேட்டுக் கையை நீட்டினார்.

எங்கள் டிவி மற்ற வீட்டு டிவி மாதிரி இல்லை. மண்டி ஆபீசில் கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டரை எடுத்து வந்து, யூடியூபைப் பார்த்துப் பார்த்துத் தானே திருகாணி முடுக்கி, டிவிக்குக் கீழே ஷோகேஸ் பலகையில் வைத்து, அதையும் டிவியையும் சேர்த்துவிட்டார். சினிமா, பாட்டு, குடும்ப போட்டோக்கள், எல்லாம் அதற்குள் இருந்தன. அதற்கென்று தனி ரிமோட். "இந்தாளு தோல் வியாபாரியா, தியேட்டர்காரரா?" என்று வருகிறவர்களிடம் நான் கிண்டல் செய்வேன். அவருக்கு அதில் பெருமை தாங்காது. என்னை மட்டும் தொடவிட மாட்டார். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற எங்கள் மகள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எனக்கு மவுஸைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்து, செய்தியும் மார்க்கப் பேச்சான பயானும் போடுகிற ஒரே ஒரு வழியைக் காட்டிவிட்டுப் போனாள். அதைத் தாண்டி அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

ரிமோட்டை இடது கையில் வைத்தேன். கட்டிலில் இரண்டு தலையணையில் சாய்ந்தபடி அமுக்கினார். திரையில் ஒன்றும் அசையவில்லை. மறுபடி அமுக்கினார். கட்டைவிரல் நடுங்கியது. நான் வாங்கி, டிவி பக்கத்தில் போய் நின்று, கையை நீட்டி அமுக்கினேன். திரை டக்கென்று மாறியது. திருப்பிக் கொடுத்தேன். அவர் அமுக்கினார், அசையவில்லை. "அழுத்தி அமுக்குங்க" என்றேன். அழுத்தினார். நெற்றியில் வேர்த்துவிட்டது. திரை அப்படியே நின்றது.

மகளுக்குப் போன் போட்டேன். அவள் அங்கிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். "ம்மா, பேட்டரிய மாத்து. கம்ப்யூட்டர ஒரு தடவை அணைச்சுப் போடு. வயரெல்லாம் கழட்டி மாட்டு." எல்லாம் செய்தேன். புதுப் பேட்டரி போட்ட அன்று மத்தியானம், நான் அடுப்படியில் அவருக்குப் பால் கலக்கிக்கொண்டிருந்த நேரத்தில் வேலை செய்தது. எட்டிப் பார்த்தால் அவர் அமுக்க அமுக்கத் திரையில் கட்டம் நகர்ந்தது. நான் சந்தோஷத்தில் பாலைக் கொண்டுவந்து ஊட்டினேன். ஊட்டி முடித்துப் பார்த்தால் மறுபடி நின்றுபோயிருந்தது. அவர் முகம் செத்துப்போயிருந்தது. மகள் கடைசியாக, "செல்ஃபி கேமராவ ஆன் பண்ணி, ரிமோட்டோட மூக்கை அதுக்கு நேரா காட்டி அமுக்கு. வெளிச்சம் தெரிஞ்சா ரிமோட் நல்லாருக்குன்னு அர்த்தம்" என்றாள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ஏன்டி, எனக்கு வேற சோலி இல்லையா? என் கையில வேலை செய்யுது, உங்க அத்தா கையில செய்யல. இதுக்கு என்னத்துக்கு கேமரா?"

டிவி மெக்கானிக் ஒருவரையும் கூப்பிட்டேன். அவரும் ஷோகேஸ் பக்கத்தில் நின்று நாலு தடவை அமுக்கிப் பார்த்தார். நாலு தடவையும் வேலை செய்தது. கட்டிலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்து, "ரிமோட்டுல ஒண்ணும் இல்லக்கா. அண்ணன் கைதான்" என்றார். குரலைத் தணித்து என்ன பிரயோஜனம், அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். அன்றைக்கு முடிவாகிவிட்டது. கோளாறு கைக்குத்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதலே வீட்டுக்கு ஆள் வந்தபடி இருந்தது. நோயாளியைப் பார்க்க எங்கள் பக்கம் யாரும் வெறுங்கையோடு வர மாட்டார்கள். பாலில் கலக்குகிற சத்துமாவு பாட்டில் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். வேடசந்தூர் மில்லில் வேலை பார்க்கிற சொந்தக்காரர்கள் பாட்டிலோடு வந்தார்கள். ரெட்டியார்சத்திரத்திலிருந்து மண்டிக்குத் தெரிந்த விவசாயிகள் பாட்டிலோடு வந்தார்கள். வாங்கி உள்ளே வைத்துவிட முடியாது. மறுதடவை வரும்போது கொண்டுவந்தவர் கண் அதைத்தான் முதலில் தேடும். காணவில்லை என்றால், நாம் கொடுத்ததை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாள் என்று பேச்சு வரும். அதனால் எல்லாவற்றையும் டிவிக்குக் கீழே ஷோகேஸ் பலகையின் முன்விளிம்பில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை நிறுத்துவது போல வரிசையாக நிறுத்தி வைத்தேன். வந்தவர்கள் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், எம்புட்டுப் பேரு வந்திருக்காக" என்பார்கள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அவர் அந்த வரிசையைக் காட்ட ஆரம்பித்தார். இடது கையை நீட்டி, விரலைக் குத்திக் குத்திக் காட்டுவார். "பால் வேணுமா? இந்தா கலக்கிட்டு வாரேன்" என்று ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போவேன். கலக்கிக் கொண்டு வருவேன், பாட்டிலைப் பழைய இடத்திலேயே வைப்பேன். அவர் என் முகத்தைப் பார்ப்பார். பிறகு வாயைத் திறப்பார். ஸ்பூனால் ஊட்டுவேன். குடிப்பார்.

பால் என்றாலே முகம் சுளிக்கிற மனுஷன் அவர். கல்யாணமான நாளிலிருந்து பால் ஊற்றாத டீ தவிர வேறு எதையும் குடித்துப் பார்த்ததில்லை நான். நோய் வந்தால் நாக்கு மாறும் என்று நினைத்துக்கொண்டேன். "இப்பல்லாம் பால் மேல இம்புட்டு ஆசை, ஒரு நாளைக்கு மூணு தடவை கேக்குறாரு" என்று வருகிறவர்களிடம் சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு அவர்கள் இன்னும் பாட்டில் கொண்டுவந்தார்கள். வரிசை இரண்டு வரிசையானது.

ஒரு நாள் நான் துணி காயப்போடப் போயிருந்த நேரத்தில், அவரே கட்டிலைப் பிடித்து எழுந்து ஷோகேஸுக்குப் போகப் பார்த்திருக்கிறார். சத்தம் கேட்டு ஓடி வந்தால் தரையில் கிடக்கிறார். இடது கை ஷோகேஸ் பக்கம் நீண்டிருந்தது. எலும்பு ஒன்றும் முறியவில்லை, அல்லாஹ் காப்பாற்றினான். நான்தான் காப்பாற்றவில்லை. பயத்தில் எனக்கு வாயில் வந்ததெல்லாம் வந்தது. "ஒரு பாலுக்கு இம்புட்டு அவசரமா? செத்துத் தொலைச்சிருந்தா? சொல்லத்தான் ஏலல, படுத்துக் கெடக்கவும் ஏலாதா?" இந்த வார்த்தைகளை நான் சொன்னேன். அதன் பிறகு அவர் எழ முடியாதபடி கட்டிலை ஒட்டி இரண்டு நாற்காலியைப் போட்டு வைத்தேன்.

அப்புறம் அவர் கைகாட்டுவது குறைந்தது. ரிமோட்டை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, தினமும் ஒரு தடவை, இரண்டு தடவை அமுக்கிப் பார்ப்பார். "போதுங்க, விடுங்க, கை சரியானதும் வேலை செய்யும்" என்பேன். ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன். கொஞ்ச நாளில் அதையும் விட்டுவிட்டார். அட்டைகளைக் காட்டினாலும் பார்க்க மாட்டார். பயிற்சிக்காரப் பெண், "அப்பா முயற்சியே பண்ண மாட்டேங்கறாருங்க" என்று வருத்தப்பட்டது. "அவரு பிடிவாதம் உனக்குத் தெரியாதும்மா" என்றேன் நான்.

ஐந்தாவது மாதம் ஒரு வியாழக்கிழமை. காற்றாட இருக்கட்டும் என்று அந்தப் பெண் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போயிருந்தது. நான் படுக்கை விரிப்பை மாற்றினேன். இடுப்பு விட்டுப்போனதால் செத்த நேரம் அந்தக் கட்டிலிலேயே சாய்ந்தேன், அவர் தலை இருக்கிற இடத்தில் என் தலை. டிவியில் ஏதோ விளம்பரம் அலறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கிடந்த ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைக்க அமுக்கினேன். குறையவில்லை. மறுபடி அமுக்கினேன். குறையவில்லை. அழுத்தி அமுக்கினேன்.

நல்ல கை. ரொட்டிக்கு மாவு பிசைகிற கை. அது அமுக்கியும் அசையவில்லை.

எழுந்து நின்று நாலடி முன்னால் போய் அமுக்கினேன், குறைந்தது. திரும்பி வந்து படுத்து அமுக்கினேன், இல்லை. மகள் சொன்ன கேமரா அப்போதுதான் ஞாபகம் வந்தது. படுத்தபடியே செல்போனைத் திறந்து, ரிமோட்டின் மூக்குக்கு நேரே பிடித்து அமுக்கினேன். திரையில் ஊதாவும் வெள்ளையுமாக ஒரு புள்ளி பளிச் பளிச் என்று மின்னியது. வெளிச்சம் போகிறது. இங்கிருந்து ஒழுங்காகப் போகிறது. போய்ச் சேரவில்லை.

ரிமோட் பார்க்கிற திசையிலேயே என் பார்வையைக் கொண்டுபோனேன். பாட்டில்கள். எழுந்து போய் ஒன்றை நகர்த்தினேன். பின்னால் இன்னொன்று. அதையும் நகர்த்தினேன். கம்ப்யூட்டருக்கு முன்னால் பலகையோடு ஒட்டி, வயரின் நுனியில் புளியங்கொட்டை அளவில் ஒரு கறுப்புச் சாமான் இருந்தது. ரிமோட் வெளிச்சத்தை வாங்குகிற ரிசீவர் அதுதான் என்று மகள் பிற்பாடு சொன்னாள். நின்றுகொண்டு பார்த்தால் பாட்டில்களுக்கு மேலாக அது தெரியும். படுத்திருக்கிறவருக்குத் தெரியவே தெரியாது. மெக்கானிக்கும் நானும் நின்று நின்று பார்த்துவிட்டு அவர் கையைக் குற்றம் சொன்னோம். அன்று புதுப் பேட்டரியில் வேலை செய்தது கூடப் பேட்டரியால் இல்லை. அப்போது ஒரே வரிசைதான். பால் கலக்க நான் ஒரு பாட்டிலை எடுத்துப் போயிருந்தேன், அந்த இடைவெளியில் அவருக்கு வழி கிடைத்திருந்தது, திருப்பி வைத்ததும் அடைந்துவிட்டது.

அவர் பால் கேட்கவே இல்லை. பாட்டில்களை எடு என்று கேட்டிருக்கிறார். மாதக்கணக்கில், ஒரு நாளைக்கு மூன்று தடவை. யா அல்லாஹ், நான் அவர் வாயில் ஸ்பூனை வைத்தேன்.

அத்தனை பாட்டிலையும் வாரி அடுப்படித் தரையில் போட்டேன். ஒன்று உடைந்தது, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சத்தம் கேட்டு அந்தப் பெண் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தது. நான் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, "உங்க கை இல்லங்க. உங்க கை நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் மறைச்சு வச்சிருந்தேன்" என்றேன். அவர் காலி பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபத்தைத் தேடினேன், இல்லை. இடது கையை நீட்டினார். ரிமோட்டை வைத்தேன்.

அமுக்கினார். கட்டம் நகர்ந்தது. கட்டைவிரல் மெதுவாக, ஒவ்வொரு தடவையும் நின்று மூச்சுவிட்டு அமுக்கியது. சினிமாவைத் தாண்டினார், பாட்டைத் தாண்டினார். குடும்பம் என்று எழுதியிருந்த பெட்டியைத் திறந்தார். அதற்குள் மகள் கல்யாணம். சிடி கீறிப் போவதற்கு முன்பே அவர் அதை இதில் ஏற்றி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. வீட்டில் இருக்கிற ஒரு பொருள் எனக்குத் தெரியாமல் இருக்காது என்ற நினைப்பில், ரெக்கார்டிங் இல்லை என்று அந்தப் பெண்ணிடம் அடித்துச் சொல்லிவிட்டேன்.

நிக்காஹ் ஓடியது. அதை வேகமாகத் தள்ளிவிட்டுப் பந்தி நடக்கிற இடத்தில் நிறுத்தினார். மண்டபம் முழுக்கக் கூச்சல். அதற்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. ஐந்து மாதம் கழித்து இந்த வீட்டில் அந்தக் குரல் கேட்டது. கூட்டத்துக்குள் என்னைத் தேடிக் கழுத்தை நீட்டி, எப்போதும் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டார். "இந்தா, செத்த இங்க வா." படத்தில் நான் புடவையைச் சரிசெய்துகொண்டு, "என்ன, வாரேன்" என்று அலுத்துக்கொண்டு வருகிறேன்.

அவர் படத்தைப் பின்னால் தள்ளினார். மறுபடி, "இந்தா, செத்த இங்க வா." மறுபடி பின்னால் தள்ளினார். மூன்றாவது தடவை, படத்தில் அவர் கூப்பிடும்போது, நாற்காலியில் இருந்த அவர் வாயும் கூடவே திறந்தது. சத்தம் இல்லை. மறுபடி பின்னால் தள்ளினார். பயிற்சிக்காரப் பெண் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டது. "நான் கேட்டதைத்தானுங்கம்மா அப்பா தேடியிருக்காரு" என்றது.

நூறு பேரிடம் பேசிய பேச்சு அந்தப் படத்தில் இருக்கிறது. மாப்பிள்ளையின் அத்தாவிடம் சிரித்துப் பேசுகிறார், பிரியாணிக்காரரைத் திட்டுகிறார். அதையெல்லாம் விட்டுவிட்டு, திரும்பக் கற்றுக்கொள்ள அவர் எடுத்தது என்னைக் கூப்பிடுவதை.

இப்போது தினமும் மத்தியான லுஹர் தொழுகை முடிந்ததும் அவரே ரிமோட்டை எடுத்து அதைப் போடுகிறார். மேலும் நாலு மாதம் ஓடிவிட்டது. வாய் சரியாக விரிகிறது, நாக்கு பல்லைத் தொடுகிறது. சத்தம் மட்டும் வரவில்லை. அந்தப் பெண் முன்பெல்லாம் "வந்துருமுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பும். இப்போது, "விடாமப் பண்ணட்டுமுங்க, நல்லதுதானுங்க" என்கிறது. அந்தச் சில மாதம் முடிந்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. அவர் வாயசைத்ததும் நான் எழுந்து அவரிடம் போய்விடக் கூடாதாம். "சத்தம் வர்ற வரைக்கும் கேக்காத மாதிரி உக்காந்தே இருங்கம்மா. நீங்க உடனே போயிட்டீங்கன்னா அப்பா எதுக்குங்க சத்தம் போடோணும்?" நியாயமான பேச்சுதான். சரி என்று தலையாட்டுகிறேன். மறுநாள் அவர் எதிரே கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கப் பார்க்கிறேன். அவர் என்னைப் பார்க்கிறார், வாய் திறக்கிறது. மாதக்கணக்கில் அவர் கைகாட்டிக் கூப்பிட்டும் போகாதவள் நான். எழுந்து அவரிடம் போய்விடுகிறேன்.